சாட்சி சொல்லாத ஞாயிறு

“அத்தே, வலிக்குது.”

மாரிசெல்வி சீப்பை நிறுத்தினாள். சினேகாவின் முடியில் பெரிய சிக்கு ஒன்றுமில்லை. இவள் கைதான் காலையிலிருந்து எதைத் தொட்டாலும் அழுத்திப் பிடிக்கிறது.

“ரெட்டைச் சடையா, ஒத்தைச் சடையா?”

“அம்மா போடுற மாதிரி.”

ரோஜா காதுக்கு மேலே தூக்கிப் பின்னி, நுனியை மடக்கி ரிப்பன் கட்டுவாள். மாரிசெல்வியும் அதேபோல் கட்டப் பார்த்தாள். வலதுபக்கம் இறங்கிவிட்டது. குழந்தை கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு, “பரவால்ல அத்தே” என்றது. ஒன்றாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை பெரிய மனுஷி மாதிரி விட்டுக்கொடுத்தது. அதைத்தான் மாரிசெல்வியால் தாங்க முடியவில்லை.

ரோஜா அவளுடைய நாத்தனார். கணவன் முனியராஜுக்கு ஒரே தங்கை. வியாழக்கிழமை வரை இருவரும் ஒரே வேனில் ஏறி ஒரே பட்டாசுக் கம்பெனிக்குப் போய்வந்தார்கள். இப்போது ரோஜா விருதுநகர் பெரியாஸ்பத்திரியில் தீக்காய வார்டில் கிடக்கிறாள். அது தன்னுடைய கட்டில் என்ற நினைப்பு மாரிசெல்வியை விட்டு அகலவே இல்லை.

கம்பெனியில் வெடிமருந்து அடைக்கிற அறை ஒன்றுக்கு நாலு பேர்தான். ஒருத்தி வரவில்லையென்றால் போர்மேன் அவள் இடத்தில் வேறு ஆளை உட்காரவைத்துவிடுவார். சீசன் நேரத்தில் போன இடம் திரும்ப வராது. அதனால் லீவு போடுகிறவள் தன் வீட்டு ஆள் ஒருத்தியைத் தன் இடத்தில் உட்காரவைத்துவிட்டுப் போவாள். இடம் காக்கிறது என்று அதற்குப் பேர். வெள்ளிக்கிழமை மாரிசெல்விக்கு ஜெப வீட்டில் உபவாச ஜெபம். ரோஜா பெட்டி ஒட்டுகிற பக்கத்தில் வேலை பார்க்கிறவள், மருந்தைத் தொட்டுப் பழகாதவள். வேண்டாம் என்றவளை, “ஒரு நாளுதான ரோஜா, போய் உக்காந்துட்டு வா” என்று அனுப்பியது மாரிசெல்விதான்.

மருந்துத் தட்டைத் தூக்கித்தான் வைக்க வேண்டும், தரையோடு இழுக்கக் கூடாது, உரசினால் தீப்பிடித்துவிடும். மாரிசெல்விக்கு அது மூச்சு விடுகிற மாதிரி. அதையெல்லாம் ஒருத்திக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றே தோன்றவில்லை. பெட்டி ஒட்டுகிறவர்கள் அட்டைக்கட்டை நாள் முழுக்க இழுத்து இழுத்துத்தான் வேலை செய்வார்கள். ரோஜாவும் இழுத்திருப்பாள். அறையில் மருந்து அளவுக்கு மேல் குவிந்திருந்ததாகவும் சொன்னார்கள். மற்ற மூன்று பேரும் தண்ணீர் குடிக்க வெளியே வந்திருந்த நேரம். உள்ளே இருந்தது ரோஜா மட்டும்.

‘மாரிசெல்வி ரூம்பு போயிருச்சு, மாரிசெல்வி போயிட்டா’ என்றுதான் ஊருக்குள் செய்தி வந்தது. அதைச் சொல்ல ஓடி வந்தவர்கள் ஜெப வீட்டு வாசலில் திகைத்து நின்றார்கள். செத்தவள் முழங்காலில் உட்கார்ந்து ஜெபித்துக்கொண்டிருந்தாள். பெண்களெல்லாம் அவளைக் கட்டிக்கொண்டு ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று அழுதார்கள். அவளும் சொன்னாள். நெஞ்சு நிறைந்து, வாய்விட்டுச் சொன்னாள்.

அடுத்த மூச்சில்தான் ரோஜாவின் நினைவு வந்தது.

ரோஜா எரிந்துகொண்டிருந்த நேரத்தில் தான் சந்தோஷப்பட்ட அந்த ஒரு மூச்சை மாரிசெல்வியால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. இன்று ஞாயிறு. கர்த்தர் தன்னைக் காப்பாற்றிய அற்புதத்தை அவள் சபை முன்னால் சாட்சி சொல்ல வேண்டும்.

“கெளம்பலையா?” முனியராஜ் வாசலில் வந்து நின்றான். சிவகாசியில் அச்சாபீஸில் வேலை. ஜெப வீட்டுக்குள் இதுவரை காலெடுத்து வைத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருப்பான். “பாஸ்டரம்மா போன் மேல போன் போடுறாக. இன்னைக்கு நீதான் கதாநாயகியாம்ல.”

கிண்டலாகத்தான் ஆரம்பித்தான். முடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனுக்கு அவள் பெண்டாட்டி, ரோஜா தங்கை. எந்தப் பக்கம் நின்று அழுவது என்று தெரியாமல் இரண்டு நாளாகச் சுற்றுகிறான்.

“நான் போகல.”

“போயிட்டு வா. அங்கன போகலேன்னா நீ நீயா இருக்க மாட்ட. எனக்குத் தெரியாதா?”

அவனுக்குத் தெரியும். கரு தங்கித் தங்கிக் கலைந்த காலத்தில் மாரிசெல்வி முதன்முதலாக ஜெப வீட்டுக்குப் போனாள். அங்கே சத்தமாக அழலாம், ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள் என்பதற்காகவே போனாள். பிள்ளை கேட்டாள், கிடைக்கவில்லை. ஆனால் கேட்டுக் கேட்டு, கேட்கிறவர் ஒருத்தர் பக்கத்தில் இருக்கிறார் என்பது பழகிப்போயிற்று. வேலை கிடைத்தது, கணவர் குடியை விட்டார் என்று மற்றவர்கள் எழுந்து சாட்சி சொல்லும்போது இவள் பின்வரிசையில் இருந்து ஆமென் சொல்வாள். தனக்குச் சொல்ல ஒன்றுமில்லையே என்று ஏங்கியிருக்கிறாள்.

இப்போது கிடைத்துவிட்டது. அந்தச் சபையிலேயே யாருக்கும் இல்லாத பெரிய சாட்சி.

*

கருவேலங்காட்டு ஓரத்தில் நீலப் பெயின்ட் அடித்த தகரக் கொட்டகைதான் ஜெப வீடு. பாஸ்டர் ரத்தினசாமி ஒரு காலத்தில் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கியவர். இந்தப் பக்கத்து விபத்துகளுக்கெல்லாம் ஓடிப்போய் நின்றவர். புதைத்துப் புதைத்து ஓய்ந்திருந்த மனிதருக்கு, உயிரோடு ஒருத்தியைச் சபையில் நிறுத்துகிற சந்தோஷம். அவர் முகத்தைப் பார்க்கவே மாரிசெல்விக்குக் கஷ்டமாக இருந்தது.

“நம்ம மாரிசெல்வி சகோதரி வருவாங்க. ஆண்டவர் அக்கினிக்கு அவங்கள விலக்குனதைச் சாட்சியாச் சொல்லுவாங்க.”

கைதட்டல். மைக் கைக்கு வந்தது. அவள் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நான் நல்லாருக்கேன்,” என்றாள். “மேலுல ஒரு காயம் இல்ல.”

“ஸ்தோத்திரம்!”

“என் எடத்துல என் நாத்தனா ரோஜா உக்காந்திருந்தா. நான்தான் உக்காரச் சொன்னேன். அவளுக்கு ரெண்டு கையும் கழுத்தும் வெந்துபோச்சு.”

“அல்லேலூயா!” என்று பின்வரிசையில் ஒரு குரல் ஓங்கி ஒலித்தது. பக்கத்தில் இருந்தவர் தொடையைத் தட்டி நிறுத்தினார்.

மாரிசெல்வி தொண்டையைச் செருமிக்கொண்டாள். “இங்கன வந்ததுலேர்ந்து எல்லாரும் எம்பேரத்தான் சொல்றீக. அவ பேரு யாரும் சொல்லல. எனக்கு நன்றி சொல்ல வாய் வரல. ஆண்டவர விட்டுட்டேன்னு நெனைக்காதீக. அவர்கிட்டதான் ராப்பகலா பேசிக்கிட்டு இருக்கேன். இந்தச் சாட்சியத்தான் சொல்ல முடியல. அம்புட்டுதான்.”

மைக்கை மேசையில் வைத்துவிட்டு இறங்கி வெளியே வந்துவிட்டாள். உள்ளே கீபோர்டு வாசிக்கிற பையன் என்ன செய்வதென்று தெரியாமல் ஏதோ வாசிக்க ஆரம்பித்தான்.

செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது பாஸ்டர் பின்னாலேயே வந்தார்.

“என்ன தங்கச்சி இப்படிப் பண்ணிட்ட? எம்புட்டு ஜனம் நொந்துபோய் வந்து உக்காந்திருக்கு. அவுகளுக்கு ஒரு தைரியம் வேணாமா? உன்னைய காப்பாத்துனது அவர்தான்னு நீயே சொல்லலேன்னா, நாளைக்கு எதைப் பிடிச்சு நிப்ப?”

“அவர் காப்பாத்தலேன்னு நான் சொல்லல அய்யா.” இரண்டு ராத்திரி படுக்கையில் புரட்டிப் புரட்டிப் பார்த்த கேள்வி ஒன்று இருந்தது. வெளிச்சத்தில் சொல்லக் கூசியது. “அந்த ரூம்புக்குள்ள அவர் இருந்தாரா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க.”

பாஸ்டர் எப்போதும் நாக்கு நுனியில் வசனம் வைத்திருப்பவர். இப்போது கைக்குட்டையை எடுத்து வேர்க்காத முகத்தைத் துடைத்தார்.

“இருந்தாரு,” என்றார் மெதுவாக.

“ரோஜாகூடவா?”

“ரோஜாகூடதான்.”

“அப்ப அவருக்கும் வெந்திருக்கும்ல அய்யா?”

உள்ளே சபையார் பாட ஆரம்பித்திருந்தார்கள். ரத்தினசாமி கொட்டகை முகட்டில் இருந்த மரச்சிலுவையை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, யாரிடமோ அனுமதி கேட்டு வாங்கியவர் போலச் சொன்னார்: “வெந்துதான் இருக்கும் தங்கச்சி. நான்தான் அவசரப்பட்டு உன்னைய மைக்கு முன்னாடி நிறுத்திட்டேன். நீ ஆஸ்பத்திரிக்குப் போ.”

*

சினேகாவைப் பாஸ்டரம்மாவிடம் விட்டுவிட்டு இருவரும் பைக்கில் கிளம்பினார்கள். சூலக்கரை வந்ததும் முனியராஜ் லேசாகத் தலையைத் திருப்பினான்.

“நீ பேசுனத நானும் கேட்டேன்,” என்றான் திடீரென்று.

“எங்கன இருந்து?”

“டீக்கடைல இருந்துதான். ஒங்க மைக்குதான் ஊரு பூரா கேக்குமே.” வண்டியை மெதுவாக்கினான். “அல்லேலூயா போட்டது யாரு?”

“ஆண்டிச்சாமி மாமா. அவருக்குக் காது கேக்காதுல்ல. யாராச்சும் பேச்ச நிறுத்துனா போட்டுருவாரு.”

முனியராஜின் முதுகு குலுங்கியது. சிரிக்கிறான். அவளுக்கும் அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. லாரிகள் உரசிக்கொண்டு போகிற ரோட்டில், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். கொஞ்ச தூரம் போன பிறகுதான் அவன் முதுகு இன்னும் குலுங்கிக்கொண்டிருப்பதையும், அது இப்போது சிரிப்பில்லை என்பதையும் கவனித்தாள். சட்டையோடு சேர்த்து அவன் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

வார்டு வாசலில் மாமியார் மாரித்தாய் தரையில் உட்கார்ந்திருந்தாள். வெள்ளிக்கிழமையிலிருந்து மருமகளிடம் ஒரு வார்த்தை பேசாதவள், இன்று நிமிர்ந்து பார்த்துப் பேசினாள்.

“ஒங்க சாமிக்கு ஆளு பாத்துத்தான் கண்ணு தெரியுமோ? தன் கூட்டத்து ஆளா பாத்துத் தூக்கி அங்கிட்டு வச்சிட்டு, எம்பிள்ளைய அடுப்புல போட்டுருச்சே.”

“அம்மா, சும்மா இரு,” என்றான் முனியராஜ்.

“நீ பேசாதடா. பெத்தவ கேக்கேன்.”

அத்தை கேட்டதும் மாரிசெல்வி கேட்டுக்கொண்டிருப்பதும் ஒரே கேள்விதான். அத்தையிடம் அது வசவாக வந்தது, அவ்வளவுதான்.

மாரித்தாய் குரலைத் தாழ்த்தினாள். “இன்னொன்னு கேட்டுக்க. மருமகன் அய்யாதுரை லாரில லோடு எறக்கிட்டுத் திரும்பி வந்துக்கிட்டு இருக்கான். கம்பெனில விபத்துன்னு மட்டும்தான் அவனுக்குச் சொல்லிருக்கோம். ஒன் எடத்துல உக்காந்தான்னு வாய விட்டுறாத. மருந்து ரூம்பு வாசல மிதிக்கக் கூடாதுன்னு ரோஜாகிட்டச் சத்தியம் வாங்குனவன். கூடப் பெறந்த அக்காள மருந்து வெடிச்சுப் பறிகுடுத்தவன். தெரிஞ்சா இவளையும் வைவான், சினேகாவையும் தூக்கிட்டுப் போயிருவான். பெறகு நீ அவ மூஞ்சியக்கூடப் பாக்க முடியாது.”

சினேகாதான் மாரிசெல்விக்குத் தன் பிள்ளையாக நினைத்துக்கொள்ளக் கிடைத்த ஒரே பிள்ளை. சரி என்று தலையை ஆட்டினாள்.

கட்டிலில் ரோஜாவின் கைகள் இரண்டும் வெள்ளைக் கட்டுக்குள் தலையணை மேல் கிடந்தன. முகம் தப்பியிருந்தது. புருவம் மட்டும் கருகி, எப்போதும் ஆச்சரியப்படுகிற மாதிரி ஒரு தோற்றம்.

“சாட்சி சொன்னியா மதினி? அண்ணன் நேத்தே சொன்னான், இன்னைக்குன்னு.”

“சொல்லல.”

“ஏன்?”

“எப்படிச் சொல்லுவேன் ரோஜா? நீ இங்கன கெடக்க...”

“கிறுக்கி.” ரோஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. கழுத்தைத் திருப்ப முடியாமல் கண்ணை மட்டும் திருப்பினாள். “ரெண்டு பேரும் கெடந்தா சினேகாவுக்கு யாரு சோறு ஊட்டுவா? எங்கம்மாவா? அது பிள்ளைய வஞ்சே கொன்னுரும். நீ நல்லாருக்கதுதான் எனக்கு இப்ப இருக்குற ஒரே நல்லது. அதப் போயி வேண்டாம்னுட்டு வந்துருக்க.”

மாரிசெல்வி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ரோஜாவுக்காகத்தான் நன்றி சொல்லவில்லை என்று நினைத்திருந்தாள். கொஞ்சம் தனக்காகவும்தான் போலிருக்கிறது. தண்டனை எதுவும் வராமல் இருப்பதைப் பொறுக்க முடியாமல், இருக்கிற சந்தோஷத்தை எடுத்து எறிந்துவிடப் பார்த்திருக்கிறாள்.

“தட்டத் தூக்கித்தான் வைக்கணும்னு நான் ஒனக்குச் சொல்லித்தரல,” என்றாள்.

“ஆமா. சொல்லல.” ரோஜா அதை மழுப்பவில்லை. “அதுக்கு ஒம்மேல கோவம் இருக்கத்தான் செய்யுது. அது ஒருபக்கம் இருக்கட்டும். இப்பக் கட்டுப் பிரிக்க வருவாக. நேத்து உசுரு போயிட்டு வந்துச்சு மதினி. ஒஞ்சாமிகிட்டப் பெருசா ஒண்ணும் கேக்க வேண்டாம். கட்டுப் பிரிக்கிறப்ப எரியாம இருக்கணும்னு கேளு. வாசல்ல நின்னு சத்தமாக் கேளு, எனக்குக் கேக்கணும்.”

நர்ஸ் வந்து எல்லோரையும் வெளியே அனுப்பினாள். கதவைச் சாத்தினாள்.

மாரிசெல்வி கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். “இயேசப்பா, எரியாம இருக்கட்டும்பா. அவளுக்கு எரியாம இருக்கட்டும்.” வேறு வார்த்தை வரவில்லை. உள்ளேயிருந்து முதல் அலறல் வந்தது. அவள் குரல் உயர்ந்தது. “ஏம்மா, மெதுவா!” என்று யாரோ அதட்டினார்கள். தாழ்த்திக்கொண்டாள், நிறுத்தவில்லை. அடுத்த அலறலில் மாரித்தாய் எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். மருமகளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து, “ஆத்தா, மாரியாத்தா, எம்பிள்ளைக்குக் குளுந்து குடு தாயீ” என்று முணுமுணுக்க ஆரம்பித்தாள். ஒரே கதவுக்கு முன்னால் இரண்டு பேரும் தோள் உரச நின்று, அவரவர் தெய்வத்திடம் ஒன்றையே கேட்டார்கள்.

கதவு திறந்தபோது ரோஜாவின் முகம் முழுக்க வேர்வையாக இருந்தது. உதட்டைக் கடித்துப் புண்ணாக்கியிருந்தாள்.

“எரிஞ்சுச்சு,” என்றாள்.

“தெரியும்.”

“ஆனா நீ நிறுத்தவே இல்ல. ஒஞ் சத்தத்தப் பிடிச்சுக்கிட்டே கெடந்தேன்.” கண்ணை மூடிக்கொண்டாள். “நாளைக்கும் வா.”

மாரிசெல்வி முந்தானையால் அவள் நெற்றியைத் துடைத்தாள். கேட்டது நடக்கவில்லை. பிள்ளை கேட்டபோதும் நடக்கவில்லை. என்றாலும் கேட்கிறவர் அந்தக் கதவின் இரண்டு பக்கமும் இருந்தார் என்று அவளுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. இது சாட்சியில் சேருமா என்று தெரியவில்லை. மைக்கில் சொன்னால் யாரும் கைதட்ட மாட்டார்கள்.

தலையணைக்குப் பக்கத்தில் ரோஜாவின் போன் அடித்தது. அய்யாதுரை. ரோஜாவால் எடுக்க முடியாது. மாரிசெல்வி ஸ்பீக்கரில் போட்டு அவள் வாய்க்கருகே பிடித்தாள்.

“ஏ ரோஜா.” லாரி ஓடுகிற இரைச்சலுக்கு மேல் குரல் கத்தியது. “சாப்பிட்டியா? எரிச்சல் எப்படி இருக்கு?”

“பரவால்லங்க.”

“கம்பெனில வேல பாக்குற நம்ம ஆளு ஒருத்தன் போன் போட்டான். வெடிச்சது மருந்து ரூம்பாம்ல? நீ பெட்டி ஒட்டுற எடத்துலதான இருப்ப? அங்கிட்டு எதுக்குப் போன? எனக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்தவதான நீ?”

ரோஜா வார்த்தையைத் தேடினாள். “அது... சும்மா... தண்ணி குடுக்கப் போனேங்க...”

கட்டிலின் அந்தப் பக்கம் மாரித்தாய் வேகமாகக் கையை ஆட்டினாள், பேசாதே என்று. முனியராஜ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ரோஜாவே மாரிசெல்வியைப் பார்த்துக் கண்ணால் வேண்டாம் என்றாள். எல்லோருமாகச் சேர்ந்து மாரிசெல்விக்கு ஒரு வழி விட்டிருந்தார்கள். சும்மா இருந்தால் போதும். சினேகா இன்று ராத்திரியும் அவள் பக்கத்தில்தான் படுப்பாள்.

மாரிசெல்வி போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இன்னொரு முறையும் ரோஜாவை என் இடத்தில் உட்காரவைக்க வேண்டாம் அப்பா, என்று அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். வேறு எதுவும் கேட்கவில்லை. பிள்ளையை என்னிடம் விட்டுவை என்றுகூடக் கேட்கவில்லை.

“அண்ணே, நான் செல்வி பேசுறேன்,” என்றாள். “அவ பொய் சொல்றா. அது என் எடம். ஜெபத்துக்குப் போகணும்னு நான்தான் அவள உக்காரச் சொன்னேன். அவ வேண்டாம்னுதான் சொன்னா, நான்தான் கேக்கல. அவள ஒண்ணும் சொல்லாதீக.”

மாரித்தாய் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள்.

போனில் லாரியின் இரைச்சல் வந்துகொண்டிருந்தது. பிறகு அது மெல்ல மெல்லக் குறைந்தது. டயருக்கடியில் சரளைக்கல் நொறுங்குகிற சத்தம், கைப்பிரேக் இழுக்கிற சத்தம், கடைசியாக இன்ஜின் அணைகிற சத்தம்.

“வண்டிய ஓரங்கட்டிட்டேன்,” என்றான் அய்யாதுரை. அவன் குரல் இவ்வளவு தாழ்ந்து அங்கே யாரும் கேட்டதில்லை. “இப்பச் சொல்லு தங்கச்சி. மொதல்லருந்து சொல்லு.”